வீட்டுக் கைவேலை: பழம் பட்டும் சதுரக் கோலும்

பழைய பட்டுப் புடவைக்கு நம் ஊர்களில் மூன்று கதிகள் உண்டு. பெட்டிக்குள்ளேயே கிடந்து மடிப்பு மடிப்பாக இற்றுப் போவது ஒன்று. பழம் பட்டு வாங்க வருகிறவரின் மூட்டைக்குள் போய், நெருப்பில் வெந்து, ஜரிகையிலிருந்த வெள்ளி மட்டும் மிஞ்சுவது இன்னொன்று. கத்தரிக்கு இரையாகிக் குழந்தையின் பாவாடையாகவோ, திண்டு உறையாகவோ, ஒட்டுப் போர்வையாகவோ மறு ஜன்மம் எடுப்பது மூன்றாவது. மூன்றில் கடைசியானதே நல்ல கதி என்பது நம்முடைய அபிப்பிராயம். ஆனால் அதில்தான் அபாயமும் அதிகம். பெட்டியில் இருக்கும் புடவையை எப்பொழுது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். தவறாக வெட்டிய புடவையை ஒன்றும் செய்வதற்கில்லை.

சின்னக் காஞ்சீபுரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மாமியார் காலஞ்சென்ற பிறகு நான்கு புடவைகள் வந்து சேர்ந்தனவாம். ஒன்று கல்யாணக் கூறை, பதினெட்டு முழம்; மற்றொன்று பாலும் பழமும் கட்டம் போட்டது; மற்ற இரண்டும் அரக்கும் பச்சையுமாக அகலக் கரை வைத்தவை. நான்கும் மடித்த இடங்களிலெல்லாம் கிழிந்துவிட்டன. வீட்டில் பெரியவர்கள், "ஜரிகையைப் போட்டுக் காசாக்கு" என்கிறார்கள். இவருக்கோ மூன்று பெண்கள். ஆளுக்கு ஒரு போர்வை தைத்துக் கொடுத்துவிட வேண்டுமென்று ஆசை. "இதற்கென்று கண்ணாடி போன்ற அளவுகோல்கள் இருபது தினுசு விற்கிறார்கள். எதை வாங்குவது? துணி கொஞ்சந்தான். ஒரு தடவைதான் வெட்ட முடியும்" என்று கேட்கிறார். கேள்வி ஒருவருடையதானாலும் பதில் பலருக்கும் உபயோகமாகலாம்.

முதலில், அளவுகோலுக்கு இத்தனை மரியாதை எதற்கு என்று பார்ப்போம். தச்சர்களும் தையற்காரர்களும் ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பது வழக்கம். ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு சதுரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு நூல் கூடிப் போனால் வரிசை முடிவில் ஒன்றரை அங்குலம் கூடிப் போகும். அடுத்த வரிசை ஒரு நூல் குறைந்து போனால், இரண்டுக்கும் நடுவே மூன்று அங்குல வித்தியாசம். பருத்தித் துணியானால் இழுத்துப் பிடித்து ஒருவாறு சமாளிக்கலாம். பழம் பட்டை இழுத்தால் கிழியும். ஆகையால்தான், வேண்டியதைவிடச் சற்றுப் பெரிதாகத் தைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு சதுரத்தையும் ஒரே அளவாக ஓரம் சீவி எடுக்கிறார்கள். இந்தச் சீவும் வேலைக்கென்று பிறந்தவைதான் மேற்படி இருபது தினுசுக் கோல்களும்.

இவற்றின் பிறப்பே சமீபத்தியது. 1979-ஆம் வருஷத்தில் ஜப்பானிலுள்ள ஓல்பா கம்பெனியார் சின்னச் சக்கரம் போன்ற உருளைக் கத்தியைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு அமெரிக்காவிலும் சரி, வேறெங்கும் சரி, அட்டையில் ஓர் அச்சு வெட்டிக்கொண்டு, அதைச் சுற்றிப் பென்சிலால் கோடிழுத்து, கத்தரியால் வெட்டுவதுதான் முறை. அட்டையின் ஓரம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேய்ந்துகொண்டே வரும். நாற்பதாவது சதுரம் முதல் சதுரத்துக்குத் தம்பியாகிவிடும். கத்தரியோ, துணியைத் தூக்கிக்கொண்டுதான் வெட்டும். உருளைக் கத்தி துணியை அசைக்காமல் படுத்தபடியே வெட்டுகிறது. ஆனால் அதன் வாய்க்கு ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவர்தான் கனத்த, தெளிவான அக்ரிலிக் கோல்.

அளவு மாறாத கோலின் அருமை காஞ்சீபுரத்தாருக்குப் புதிதல்ல. பூக்காரியின் முழத்தைப் பற்றி நமக்கெல்லாம் தெரியும்; கை குட்டையானால் முழமும் குட்டை. சேர மாட்டாத இந்த முழங்களைக் கொண்டு நிலத்தை அளந்தால் ராஜ்யம் என்னவாகும்? ராஜராஜன் காலத்தில், சுமார் 1001-ஆம் வருஷத்தில், சோழ நாட்டு நிலங்களை அளந்தார்கள். முதற் குலோத்துங்கன் காலத்தில், 1086-இல், மறுபடியும் அளந்தார்கள். நிலம் அளந்த கோலுக்கு 'உலகளந்த கோல்' என்று பெயர். பெரிய காஞ்சீபுரத்தில் உலகளந்த பெருமாள் சந்நிதிக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பெயரின் அழகை விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் கோலின் நீளத்தைச் சுவர்க் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். மரக்கோல் தேயலாம், முறியலாம், யாராவது நுனியைச் சீவிவிடலாம். கல் சொல்லுவதுதான் அளவு.

நம்முடைய வேலைக்கும் இதுவே முதல் விதி. ஒரு போர்வை முடிகிற வரையில் ஒரே கோல். இரண்டு கம்பெனிக் கோல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கோட்டின் தடிப்பிலேயே வித்தியாசம் இருப்பதைச் சில சமயம் காணலாம். தையற்காரரின் துணி நாடாவை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. நாள்பட்டால் அது நீண்டுவிடும். அங்குலத்தையும் செண்டிமீட்டரையும் கலப்பதும் ஆபத்து. நம் தேசத்தில் 1956-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் மெட்ரிக் அளவு வந்துவிட்டது என்றாலும், ஒட்டுப் போர்வைக் கோல்கள் பெரும்பாலும் அங்குலத்தில்தான் வருகின்றன. தையலுக்கு விடும் கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். "ஆறு மில்லிமீட்டர்தானே!" என்று தைத்துக்கொண்டே போனால், பன்னிரண்டு சதுர வரிசையில் பதினொரு தையல், தையலுக்கு இரண்டு பக்கம், ஆக எட்டு மில்லிமீட்டர் எங்கிருந்தோ வந்து நிற்கும்.

இனி, கோல்களைப் பார்ப்போம். கடைக்காரர் முதலில் காட்டுவது சதுரக் கோல்: ஆறரை அங்குலம், ஒன்பதரை, பன்னிரண்டரை என்று. அந்த அரை அங்குலம் எதற்கென்றால், இரண்டு பக்கமும் தையலுக்குள் போகும் கால் அங்குலங்களுக்காக. ஆறரையாகச் சீவிய சதுரம் போர்வையில் ஆறு அங்குலமாகத் தெரியும். ஒவ்வோர் அளவுக்கும் ஒன்று வேண்டும் என்று அவர் சொல்வார். வேண்டாம். பெரிய கோலால் சின்னச் சதுரத்தைச் சீவலாம். சின்னக் கோலால் பெரிய சதுரத்தைச் சீவுவதுதான் கஷ்டம். ஆனால் பன்னிரண்டரை அங்குலக் கோல் கையில் கனக்கும், சின்னத் துண்டின்மேல் வைத்தால் ஆடும். நாம் சொல்வது: நீங்கள் தைக்கப்போகும் சதுரத்துக்குச் சரியான அளவில் ஒன்று, நீளப் பட்டைகள் வெட்ட ஆறு அங்குல அகலமும் இருபத்து நான்கு அங்குல நீளமும் உள்ள கோல் ஒன்று. இந்த இரண்டோடு ஆரம்பிக்கலாம்.

சதுரக் கோலில் மூலைக்கு மூலை ஒரு கோடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதுதான் அதன் உயிர். காஞ்சீபுரத்துக் கோபுரக் கரையைப் பார்த்திருப்பீர்கள். முக்கோணம் முக்கோணமாக நிறம் மாறி வரும். ஒட்டுப் போர்வையிலும் அந்த அழகைக் கொண்டுவரலாம். இரண்டு நிறச் சதுரங்களை முகத்தோடு முகம் வைத்து, மூலைவாட்டக் கோட்டின் இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, நடுவில் வெட்டினால் பாதி பாதி நிறமான இரண்டு சதுரங்கள் கிடைக்கும். போர்வையில் மூன்று அங்குலம் வர வேண்டுமானால், கணக்குப்படி மூன்று அங்குலம் ஏழு நூல் வெட்டினால் போதும். ஆனால் அவ்வளவு நறுக்கென்று வெட்டினால் சீவுவதற்கு ஒன்றும் இராது. நான்கு அங்குலமாகவே வெட்டுங்கள். தைத்து, இஸ்திரி போட்டு, கோலின் மூலைக்கோட்டைத் தையல்மேல் ஒக்க வைத்து, இரண்டு பக்கம் சீவுங்கள். பிறகு துண்டைத் திருப்பி, சீவிய பக்கங்களை மூன்றரை அங்குலக் கோட்டில் நிறுத்தி, மற்ற இரண்டு பக்கமும் சீவுங்கள். கோடு தையலைவிட்டு அரை நூல் விலகினாலும் கோபுரத்தின் உச்சி மழுங்கிவிடும்.

இதே வேலைக்கென்று அடியில் பள்ளம் வெட்டிய ஒரு விசேஷக் கோல் உண்டு. தையலின் மேட்டில் அந்தப் பள்ளம் போய் உட்கார்ந்துகொள்ளும், கோல் நழுவாது. பருத்தியில் தைக்கிறவர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள், நியாயந்தான். ஆனால் அதற்கு மேடு வேண்டும். அதாவது தையலின் இரண்டு ஓரங்களையும் ஒரே பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போட்டிருக்க வேண்டும். காஞ்சீபுரம் பட்டோ முறுக்கிழைப் பட்டு, கனமானது, ஜரிகையும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். அதை ஒரே பக்கம் சாய்த்தால் போர்வை முண்டும் முடிச்சுமாகும். ஆகவே தையலை இரண்டு பக்கமும் விரித்துத்தான் இஸ்திரி போட வேண்டியிருக்கிறது. விரித்த தையலில் மேடேது? பள்ளக் கோலுக்கு வேலையேது? சகோதரி அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

அறுபது பாகைக் கோல், விசிறி மடல் கோல், பறவைக் கூட்டம் போன்ற முக்கோணத்துக்கென்று ஒரு கோல் என்று இன்னும் பல. ஒரே உருவத்தை ஐம்பது, நூறு என்று வெட்டப்போகிறவர்களுக்கு அவை பிரயோஜனம். ஆசைக்கு ஒன்று வாங்கினால் அதுவும் பெட்டிக்குள் பட்டுப் புடவைக்குத் துணையாகப் படுத்துக்கொள்ளும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய விஷயம் வேறொன்று இருக்கிறது. புடவையின் ஒரு கிழிசலைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், கோலை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கறுப்புக் கோடு வெள்ளைப் பருத்தியில் பளிச்சென்று தெரியும். அரக்குப் பட்டில் இருக்குமிடம் தெரியாது. மஞ்சளும் கறுப்பும் இரட்டையாக ஓடும் கோடுகள் இரண்டிலும் தெரியும். கோடு அச்சிட்ட முகம் துணியைத் தொடும்படி இருக்க வேண்டும். மேல்முகத்தில் அச்சிட்டிருந்தால், கனத்த அக்ரிலிக்கின் வழியே சாய்ந்து பார்க்கும்போது கோடு ஒரு பக்கம் தள்ளினாற்போல் தோன்றும். கழுத்தைச் சாய்க்கும் திசைக்கு ஓர் அளவாக வெட்டிக்கொண்டு போவீர்கள். எண்கள் இரண்டு திசையிலும் எழுதப்பட்டிருந்தால் இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்குச் சௌகரியம். புட்டாவை நடுவில் வைத்து வெட்ட விரும்புகிறவர்களுக்குக் கால் அங்குலக் கோடுகளும் அவசியம்; ஆறரை அங்குலத்தின் நடு மூன்றேகால் அல்லவா? அன்னமோ மயிலோ சதுரத்தின் ஒரு மூலைக்கு ஒதுங்கி நின்றால் பார்க்கவே பரிதாபமாயிருக்கும்.

வெளிநாட்டுக் கோல்கள் விலை அதிகம் என்பதும் உண்மை. பெயர்ப் பலகை செய்கிறவர்கள் இப்பொழுது அக்ரிலிக் பலகையை லேசர் ஒளியால் மிகத் துல்லியமாக வெட்டுகிறார்கள். மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஆறரை அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி, ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் ஒரு கோடும், மூலைக்கு மூலை ஒரு கோடும், குறுக்கும் நெடுக்குமாக நடுக்கோடுகளும் கீறித் தரச் சொன்னால் நம் ஊரிலேயே நல்ல கோல் கிடைத்துவிடும். வாங்கினதானாலும் செய்வித்ததானாலும் பரீட்சை செய்யாமல் துணியில் வைக்காதீர்கள். காகிதத்தில் வைத்து நான்கு பக்கமும் கோடிழுங்கள். கோலைக் கால்வட்டம் திருப்பி அந்தக் கோடுகளின்மேலேயே வையுங்கள். பிறகு குப்புறக் கவிழ்த்தும் வையுங்கள். எங்கும் கோடு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. மூலைக்கு மூலை இரண்டு அளவும் ஒன்றாயிருக்க வேண்டும்.

கோலுக்குப் பரீட்சை முடிந்ததும் தையல் யந்திரத்துக்கும் ஒரு பரீட்சை வையுங்கள். ஒன்றரை அங்குலப் பட்டைகள் மூன்றைச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப் பட்டையை அளவுங்கள். சரியாக ஓர் அங்குலம் இருந்தால் உங்கள் தையல் கால் அங்குலத்தில் ஓடுகிறது. இல்லையென்றால் கோலின்மேல் பழி போடாதீர்கள்.

இப்பொழுது பட்டுக்கு வருவோம். உண்மையான சங்கடம் இங்கேதான் இருக்கிறது. பழம் பட்டு வழுக்கும்; ஓரம் பிரியும்; மூலைவாட்டத்தில் இழுபடும். ஆகவே வெட்டுமுன் அதன் முதுகில், தையற்காரர்கள் காலருக்குள் வைக்கும் ஒட்டுக் கான்வாஸில் மிக மெல்லிய ரகத்தை, அதிகச் சூடில்லாத இஸ்திரியால் ஒட்டிவிடுங்கள். பிறகு பட்டு காகிதத்தைப் போல் சாதுவாகிவிடும். கோல் நழுவாமலிருக்க அடியில் உப்புத்தாள் ஒட்டலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பருத்திக்குச் சரி, பட்டிழையையும் ஜரிகையையும் அது பிய்த்து இழுத்துவிடும். நிறமற்ற சிறு ரப்பர்ப் பொட்டுகளே உத்தமம். ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் சுற்றிய உலோகத் தகடு; உருளைக் கத்தியின் வாயை அது சீக்கிரம் மழுங்க அடிக்கும். ஜரிகைத் துண்டுகளைக் கடைசியாக, தனி அலகினால் வெட்டுங்கள்.

காஞ்சீபுரத்துப் புடவையின் அமைப்பையும் மறக்கக் கூடாது. கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. உடலும் முந்தானையும் சந்திக்கும் பேட்னிக் கோட்டிலோ, ஒரு பாவின் இழைகளோடு மற்றொரு பாவின் இழைகளைச் சேர்த்திருக்கிறார்கள். தறிக்காரரின் சாமர்த்தியமெல்லாம் அந்த இடங்களில்தான். ஆனால் அங்கே துணியின் கனம் மாறுகிறது. கோல் படியாமல் அசையும். ஒரு சதுரத்துக்குள் அந்தக் கோடு வரும்படி வெட்டாதீர்கள். அழகுக்காக வேண்டுமென்றே வைத்தால், கோடு நடுவில் வரட்டும்; ஓரத்தில் வந்தால் கோலின் ஒரு பக்கம் மேட்டிலும் ஒரு பக்கம் பள்ளத்திலும் நிற்கும்.

சகோதரியின் பாலும் பழமும் கட்டப் புடவைதான் நால்வரில் பொல்லாதது. வெறும் நிறத் துணியில் கோணல் தெரியாது. கட்டத்தில் அரை நூல் கோணினாலும் கண்ணைக் குத்தும். அத்துடன், கட்டங்களெல்லாம் மெய்யான சதுரங்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பாவின் இழைகள் எவ்வளவு நெருக்கம் என்பதை அச்சு தீர்மானிக்கிறது, அது மாறாது. ஊடையின் நெருக்கத்தைத் தீர்மானிப்பது நெய்கிறவரின் கை. காலையில் ஓர் அடி, சாயங்காலம் ஓர் அடி. ஆகவே அகலத்தில் நான்கு கட்டமும் நீளத்தில் நான்கு கட்டமும் எண்ணி வெட்டினால் சதுரம் வரும் என்பது நிச்சயமில்லை. அரை நூற்றாண்டு கட்டி, துவைத்து, உலர்த்திய புடவையானால் இழைகளே கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

கோலை நம்புவதா, கட்டத்தை நம்புவதா? நம்முடைய யோசனை இது. முதலில் துணியை மூலைக்கு மூலை மெதுவாக நீவி, இழைகளை நேராக்கி, பிறகு கான்வாஸ் ஒட்டுங்கள். ஒரே ஒரு பக்கத்தை மட்டும் பாவிழையின் போக்கில், கட்டத்தின் கோட்டையொட்டி வெட்டுங்கள். மற்ற மூன்று பக்கங்களையும் கோல் சொல்லுகிறபடி வெட்டுங்கள். கட்டம் எங்கே முடிகிறதென்று பார்க்க வேண்டாம். பக்கத்தில் வெறும் நிறச் சதுரத்தை வைத்துத் தைத்தால், கட்டத்தின் குறை நிறைகள் தெரிய மாட்டா. கட்டத்தோடு கட்டம் சேர்த்துத் தைத்தால் நான்கு திசையிலும் அது சண்டை பிடிக்கும்.

துணி போதுமா என்ற பயத்துக்கும் கணக்கே மருந்து. கரை நீக்கி நாற்பத்திரண்டு அங்குல அகலம், ஒரு கெஜ நீளம் நல்ல துணி தேறுகிறது என்று வையுங்கள். ஆறரை அங்குலமாகவே நறுக்கினால் அகலத்தில் ஆறு, நீளத்தில் ஐந்து, ஆக முப்பது சதுரம். சீவுவதற்கு அரை அங்குலம் கூட்டி ஏழாக வெட்டினாலும் அதே முப்பதுதான். தாராளமாக ஏழரை என்று வெட்டினாலோ ஐந்துக்கு நான்காக இருபதாகிவிடும். பத்துச் சதுரம், ஒரு பெண்ணின் போர்வையில் ஒரு வரிசை, குப்பைக்குப் போகும். கத்தியை எடுக்குமுன் பென்சிலை எடுங்கள்.

அளவுகோலே இல்லாமலும் போர்வை தைக்கிறவர்கள் உண்டு. வட கன்னடத்துச் சித்தி வகுப்புப் பெண்கள் தைக்கும் கவந்தியில், ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கித் துண்டு மேல் துண்டாகக் கையாலேயே ஒட்டிக்கொண்டு போகிறார்கள். அமெரிக்காவில் அலபாமா மாகாணத்து ஜீஸ் பெண்டு என்ற கிராமத்து நீக்ரோ மரபுப் பெண்களின் கோணல் மாணலான போர்வைகளை 2002-ஆம் வருஷத்தில் ஹூஸ்டன் கலைக் காட்சிச்சாலையில் மாட்டிவைத்தார்கள். நம் கோயில் தேர்களில் தொங்கும் தொம்பைகளிலும் வெட்டி ஒட்டிய யாளியும் பூவும் ஒன்றுபோல் ஒன்று இராது. அவையெல்லாம் அழகுதான். ஆனால் கோபுரக் கரை போட ஆசைப்படுகிறவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

கடைசியாக, வீட்டுப் பெரியவர்களின் வார்த்தையையும் தள்ளிவிட வேண்டாம். ஜரிகைக் கரை போர்வைக்கு ஏற்றதல்ல. உடம்பை அறுக்கும், மடங்காது, கத்தியைக் கெடுக்கும். நல்ல கரையில் மூன்று போர்வைக்கும் நான்கு நான்கு மூலைத் துண்டுகள் எடுத்துக்கொண்டு, கிழிந்து நைந்த மீதிக் கரையை எடை போட்டு விற்றுவிடுங்கள். விற்குமுன் இரண்டு இடத்தில் விசாரியுங்கள். அந்தப் பணத்தில் கோல் இரண்டும், கத்தியும், பாயும், உள்ளே வைக்கப் பஞ்சும் வாங்கிவிடலாம். கூறைப் புடவையை எல்லாவற்றுக்கும் பிறகு, கை பழகிய பின் வெட்டுங்கள்.

வாங்கிய கோலைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். அக்கினி நட்சத்திர வெயிலில் ஜன்னலோரம் நின்றால் அக்ரிலிக் வளைந்துபோகும். துளையில் கயிறு கோத்து நிழலில் தொங்கவிடுங்கள். அழுக்கானால் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். ஸ்பிரிட் பட்டால் கோடுகள் அழியும்.